வால்வுக்குப் போட்ட மாலை

காலையில் அந்தக் கெட்டிலைப் பற்றவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும். எங்கள் சமையல்காரருக்கு இது பெரிய குறை. குச்சியைக் கிழித்தால் பற்றிக்கொள்கிற அடுப்புக்கு எதற்கு இத்தனை சடங்கு என்பார். மூன்று வருடமாகக் கேட்கிறார். மூன்று வருடமாக நான் பதில் சொல்லாமல் என் வேலையைப் பார்க்கிறேன். பதில் இல்லாமல் இல்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாயைத் திறக்க வேண்டுமென்றால் எனக்குக் காது சூடாகிவிடும். ஐம்பது வயது நெருங்கியும் அது மாறவில்லை.

நான் வேலை பார்ப்பது கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில். பழைய சுக்குக் கிடங்கைச் சமையல்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். மழை பெய்தால் இன்றும் சுவரிலிருந்து சுக்கு வாசனை வரும். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கிருந்துதான் மதியச் சாப்பாடு. பத்தரைக்கு வேன் கிளம்பினால்தான் நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும். முதலாளி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்தவர்கள். எல்லோருக்கும் அவர் மாமா. சமையல்காரர் தென்காசிப் பக்கத்து ஆள். அவர் கைக்கு ஒரு ருசி உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.

கெட்டில் என்றதும் டீ போடுகிற பாத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய ஸ்டீல் அண்டா. சாம்பார் முழுக்க அதில்தான். அதற்கு இரண்டு சுவர். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஜாக்கெட் என்பார்கள். அதில் கொஞ்சம் தண்ணீர் அடைத்து வைத்திருக்கும். கீழே கேஸ் எரியும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி உள்சுவரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடாக்கும். தீ நேராகப் பாத்திரத்தில் படாததால் பருப்பு அடிப்பிடிக்காது. ஆவி அதிகமானால் தானாகத் தீயை அணைக்க ஒரு கருவி உண்டு. அந்தக் கருவி ஏமாற்றிவிட்டால், ஆவியை வெளியே விட்டு நம்மைக் காப்பாற்ற மேலே ஒரு சேஃப்டி வால்வு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது மெஷினைக் கொண்டுவந்து வைத்த மெக்கானிக். எர்ணாகுளத்துக்காரர், என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். ஒரு நாள் முழுக்க நின்று விளக்கினார். அன்று மாமாவுக்கு போன் வந்துகொண்டே இருந்தது. சமையல்காரர் வெற்றிலை போடப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். கேட்டுக்கொண்டு நின்றது நான் ஒருத்தி. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் என்பதால் மறந்துவிடுமோ என்று பயந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பற்றவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது அப்படித்தான்.

முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவேன். பிறகு தரையோரமாகக் குந்தி மோந்து பார்ப்பேன். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும், நின்றபடி மோந்தால் தெரியாது.

"யக்கா மோப்பம் பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எலி எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லுங்க" என்பார் சமையல்காரர். தினமும் இதே கேலி. புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அவருக்கு அலுப்பு.

அடுத்து, ஜாக்கெட்டில் தண்ணீர் எவ்வளவு என்று பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் பார்ப்பேன். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். அப்புறம் பிரஷர் மீட்டர். ஆறிக் கிடக்கும்போது அதன் முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்க வேண்டும். ஜாக்கெட்டுக்குள் காற்றே இருக்கக் கூடாது, தண்ணீரும் ஆவியும் மட்டும்தான். ராத்திரி ஆறும்போது ஆவி தண்ணீராகிச் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும், முள் கீழே இறங்கும். பூஜ்யத்திலேயே நின்றால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவும் பார்த்த பிறகுதான் கேஸைத் திறந்து, பைலட் என்கிற சின்னச் சுடரைப் பற்றவைத்து, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மெல்ல விடுவேன். சுடர் அணைந்துவிட்டால் கேஸை மூடிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்பேன். தேங்கிய கேஸ் கலைந்து போக வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சமையல்காரரால் தாங்கிக்கொள்ளவே முடியாது.

போன சரஸ்வதி பூஜைக்கு ஒரு மாதம் முன்பு எனக்குக் காய்ச்சல். நாலு நாள் போகவில்லை. திரும்பி வந்த காலையில் முள் பூஜ்யத்தில் நின்றது. சாம்பார் அடியில் கொதித்தது, விளிம்போரம் வெறும் வெதுவெதுப்பு. வேன் இருபது நிமிடம் தாமதம். நான் மாமாவிடம் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"மாமா, கெட்டில்ல முள் பூஜ்யத்துல நிக்கறது."

"பூஜ்யம்னா நல்லதாக்கும். உள்ளே பிரஷர் இல்லேன்னு அர்த்தம். பயப்படாண்டாம்."

"இல்லே, அது கீழே..."

"குழப்பம் ஒண்ணும் இல்லே. நீ போய் வேலையைப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன். என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான். அந்த மீதி வாக்கியத்தை அன்று சொல்லி முடித்திருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

சமையல்காரரிடம் கேட்டேன். நான் இல்லாத நாளில் தண்ணீர் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்ததாம், தீ பற்றவே இல்லையாம். ஜாக்கெட்டின் மேல் திருகாணியைத் திறந்து இவரே தண்ணீர் ஊற்றி மூடிவிட்டாராம். "சுத்தமான தண்ணிதான்யக்கா ஊத்துனேன். என்னைய என்ன நெனைச்சீங்க?" என்றார். திறந்தபோது காற்று புகுந்திருக்கிறது, அதை யாரும் வெளியேற்றவில்லை. அதற்கு வழி என் நோட்டில் இருந்தது. நன்றாகச் சூடேற்றி, ஒதுங்கி நின்று, சேஃப்டி வால்வின் நெம்புகோலை ஒரு நொடி தூக்கி விட வேண்டும். நாலைந்து முறை செய்தால் காற்று போய்விடும். செய்தேன். காற்று கொஞ்சம் போனது. ஆனால் வால்வு அதன்பின் முழுதாக மூடவில்லை. உஸ்ஸென்று ஒரு சீறல், ஆவி வெளியேறும் அதன் வாய்க்குழாயில் சொட்டுச் சொட்டாக வெந்நீர்.

மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன். "பூஜை கழியட்டும்" என்றார் மாமா. மூன்று தடவை கேட்டேன். எனக்கு மூன்று தடவை கேட்பதென்றால் மற்றவர்கள் முப்பது தடவை கேட்டதற்குச் சமம். மூன்றுக்கும் அதே பதில்.

எங்கள் இடத்தில் அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும் வரை எதையும் தொடக் கூடாது. கத்தி, அரிவாள்மனை, கரண்டி எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருக்கும். தூக்கி வைக்க முடியாதவற்றுக்கு இருந்த இடத்திலேயே சந்தனம், குங்குமம், மாலை. அந்த அஷ்டமியன்று மத்தியானமே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் ஃபோர்ட் கொச்சி போய்ப் படகு பிடித்தேன். தங்கை அக்கரையில், வைப்பின் தீவில் இருக்கிறாள்.

விஜயதசமி காலை ஆறு மணிக்கு வந்தேன். காக்கநாட்டில் சில கம்பெனிகளுக்கு அன்று லீவு இல்லை, சாப்பாடு போயாக வேண்டும். கெட்டில் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. விளிம்பு முழுக்கச் சந்தனப் பொட்டு. வால்வின் மேல் கழுத்தளவு செவ்வந்தி மாலை. மீட்டரின் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். அது காய்ந்து கெட்டியாகி, பூஜ்யத்துக்குக் கீழே உள்ள பகுதியை மொத்தமாக மறைத்திருந்தது. நான் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் உறைத்தது, சீறலுக்கும் சொட்டுக்கும் காரணமான அந்த வாய்க்குழாயின் அடியில் தரை காய்ந்து கிடந்தது. ஒரு மாதமாக அங்கே வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியையும் காணோம். மாலையை விலக்கினேன். வாய்க்குழாயின் முனையில் ஒரு பித்தளை மூடி, தண்ணீர்க் குழாய்களுக்குப் போடுகிற சாதாரண மூடி, திருகி இறுக்கியிருந்தது. மரை முழுக்க வெள்ளை டேப்பும் பசையும்.

கெட்டில் தன் மூச்சை விடுவதற்கு இருக்கிற ஒரே வழியில் யாரோ அடைப்பைத் திருகி, அதற்கு மாலையும் போட்டிருக்கிறார்கள்.

சமையல்காரர் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தார். நான் மூடியைக் காட்டினேன்.

"ஆமா, நான்தான் போட்டேன். நல்லா நின்னுட்டுல்லா ஒழுக்கு?"

"ஆரு சொல்லிப் போட்டீங்க?"

"மாமாதான். பூசைக்கு வெச்ச பொருள் சொட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னாரு. அதுவும் நெசந்தானே."

மாமாவும் வந்தார். கையில் கற்பூரத் தட்டு. "எட்டேகாலுக்குள்ளே பத்தவெச்சுடு. அதுக்கப்பறம் நேரம் சரியில்லே" என்றார் என்னிடம்.

நான் மூடியைக் கை நீட்டிக் காட்டினேன்.

"அது இருக்கட்டும். சொட்டினா பாக்க நன்னா இல்லே."

"மூணு வருசத்துல அந்த வால்வு ஒரு நாளாவது தானா தொறந்து நீங்க பாத்துருக்கியளா?" என்று சமையல்காரர் கேட்டார். "தீதான் தானா அணைஞ்சுருதே. அப்புறம் அது என்னத்துக்கு?"

இதற்கு நல்ல பதில் இருக்கிறது. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு ஆறு பதில் தோன்றியது. அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. காது மட்டும் சூடாகிக்கொண்டே போனது. பற்றவைக்க வேண்டியவள் நான். அதன் பக்கத்தில் நின்று துடுப்பால் கிளற வேண்டியவர் அவர். எதுவும் நடக்காமல் போகலாம், நூறு நாள் நடக்காமல் போகலாம். ஆனால் நடந்தால் அந்தச் சமையல்கூடத்தில் எங்கள் இருவரில் யார் மிஞ்சுவோம் என்று தெரியாது. அவர் கற்பூரத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் சாமிப் படத்துப் பக்கம் திரும்பியதும் நான் இழுப்பறையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். கெட்டிலுக்குப் போகிற கேஸ் குழாயின் வால்வில் மஞ்சள் கைப்பிடி ஒன்று உண்டு. ஒரே நட்டுதான். மூடியிருந்த வால்வை மூடியபடியே விட்டுக் கைப்பிடியைக் கழற்றி, என் சாப்பாட்டுப் பையில், தயிர்ச் சாத டப்பாவுக்கு அடியில் வைத்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

"எட்டு ஆகப்போறது. ஏன் இன்னும் பத்தவைக்கலே?" என்றார் மாமா.

நான் வெங்காயம் உரித்தேன்.

"யக்கா, கேஸ் கைப்பிடியக் காணமே" என்று சமையல்காரர் கெட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மாமா, இங்க பாருங்க. பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்காங்க. பேங்க் லாக்கர் மாதிரி."

"என்னது இது?" மாமாவின் குரல் உயர்ந்தது. "நல்ல நாளும் அதுவுமா."

நான் எழுந்தேன். வெங்காயத்தால் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறேன் என்றே நினைத்திருப்பார்கள். "அந்த மூடி இருக்கற வரைக்கும் நான் பத்தவைக்க மாட்டேன், மாமா. வேற ஆரையும் பத்தவைக்க விடவும் மாட்டேன்." மூன்று வருடத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

சமையல்காரர் இடுக்கியைத் தேடி எடுத்தார். கைப்பிடி இல்லாவிட்டாலும் இடுக்கியால் திருப்பலாம் என்று அவருக்குத் தெரியும். நான் கேஸ் குழாய்க்கு முன்னால் போய் நின்றேன். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். இந்தப் பக்கம் வந்தார், நானும் வந்தேன்.

"என்ன யக்கா, கபடியா?" என்றார். ஆனால் இடுக்கியைத் தாழ்த்திவிட்டார்.

"செரி, அந்த மூடியைத்தான் கழட்டித் தொலைச்சுடேன்" என்றார் மாமா அவரிடம்.

அதுவும் நடக்கவில்லை. சமையல்காரர் குழாய் ஸ்பேனரைப் போட்டு முக்கினார். பசை இறுகியிருந்தது. மூடி அசையவில்லை, அதற்குப் பதிலாக வால்வே அடியோடு திரும்பத் தொடங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு, பூஜைக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய போனை அப்போது போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, இப்போ கேஸ் ஆனா ஆஃபா?" என்றார்.

"ஆஃப். கைப்பிடியே இல்லே. அது ஒருத்தர் பையிலே இருக்கு."

"ஆ பையி அங்ஙனெத்தன்னெ, அப்படியே இருக்கட்டும். ஆரும் ஒண்ணும் தொடண்டா. ஞான் வரேன்."

சாம்பாரைப் பழைய அலுமினிய அண்டாக்கள் மூன்றில் பங்கு போட்டு, சாதாரண அடுப்புகளில் வைத்தோம். ஒன்று அடிப்பிடித்தது. சமையல்காரர் அதைக் கிளறும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கிளறினார். வேன் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. காக்கநாட்டிலிருந்து மாமாவுக்கு வந்த போன்களுக்கெல்லாம் அவர் "விஜயதசமியாக்கும்" என்று பொதுவாக ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் வந்து மாலையைக் கழற்றி மாமா கையில் கொடுத்தார். மீட்டரை ஈரத்துணியால் துடைத்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, ஆறிக் கிடந்த ஜாக்கெட்டின் அடித் திருகாணியைத் திறந்து ஒரு பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்தார். நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம்.

தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

அவர் அதை மோந்து பார்த்தார். "எந்தா சேச்சி இது, பதிமுகமா?"

இங்கே வீடுகளிலும் ஓட்டல்களிலும் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிப்பார்கள். சிவப்பாக இருக்கும். எங்கள் சமையல்கூடத்திலும் ஒரு டிரம் நிறைய இருக்கும். சமையல்காரர் கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொண்டார். "சுத்தமான தண்ணிதான் ஊத்தணும், பைப்புத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு மாமா சொன்னாரு. காய்ச்சி ஆறுன தண்ணிய விடச் சுத்தம் எது? நாங்களே அதைத்தான் குடிக்கோம்."

"சேட்டா, இதுக்கு தாகம் இல்லா. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் மதி, அது போதும்."

கண்ணாடிக் குழாயில் அந்த நிறத்தை நானும் ஒரு மாதம் பார்த்திருக்கிறேன். கண்ணாடி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மோந்து பார்க்கிறவள், நோட்டு வைத்திருக்கிறவள், நானும் அவ்வளவுதான். வால்வைப் பிரித்தபோது அதன் அடைப்பு வந்து உட்காரும் இடத்தில் நகக்கண் அளவு பட்டைத் தூள் சிக்கியிருந்தது. நான் நெம்புகோலைத் தூக்கியபோது போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாதச் சீறலும் அந்தத் துணுக்கால்தான்.

ஜாக்கெட்டை இரண்டு முறை அலசி, டிஸ்டில்ட் வாட்டரும் துருவைத் தடுக்கும் மருந்தும் ஊற்றி, புது வால்வைப் பூட்டினார். அதன் வாயிலிருந்து தரையைப் பார்த்து ஒரு குழாயை இறக்கினார். கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கெட்டிலில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். தயிர்ச் சாத டப்பாவை நகர்த்திக் கைப்பிடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "சேச்சி தான் போடணும்" என்றார்.

பூட்டினேன். பற்றவைத்தேன். முள் ஏறியது. எல்லோரையும் சுவரோரம் தள்ளி நிற்கச் சொன்னார். தீ தானாக அணைய வேண்டிய கோட்டை முள் தொட்டது. தீ அணையவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். மெக்கானிக்கின் கை மஞ்சள் கைப்பிடியில் இருந்தது. சிவப்புக் கோடு வந்ததும் வால்வு திறந்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுக்குக் கிடங்கின் ஓட்டுக்கூரை முழுக்க அதிர்ந்தது. ஆவி தரையில் மோதி முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பரவியது. மெக்கானிக் கேஸை மூடினார். கொஞ்ச நேரத்தில் வால்வு தானாக மூடிக்கொண்டது. மாமா மாலையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

தீயை அணைக்கிற கருவிக்குப் போகும் மெல்லிய குழாய், அதே பதிமுகக் கசடால் அடைத்திருந்தது. பழைய வால்வு ஒழுகிக்கொண்டிருந்ததால் முள் அந்தக் கோடு வரை ஏறவே இல்லை, அதனால் இது யாருக்கும் தெரியவில்லை. ஆறவிட்டு, அதைச் சுத்தம் செய்து, காற்றையும் வெளியேற்றி, மறுபடி சோதித்தபோது தீ சரியான கோட்டில் அணைந்தது. காலையில் அந்த மூடியோடே பற்றவைத்திருந்தால் என்று மெக்கானிக் ஏதோ சொல்லத் தொடங்கி, சமையல்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று நன்றி என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கே பார்ப்பது என்று எனக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலை நான் தரையோரம் குந்தியபோது சமையல்காரர் வழக்கமான எலியை விசாரிக்கவில்லை. முள் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. பைலட் ஒருமுறை அணைந்தது. ஐந்து நிமிடம் நின்றேன். அவரும் கரண்டியை வைத்துவிட்டு நின்றார்.

எல்லாம் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனேன். அங்கே ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒன்றின் வாயில், மெக்கானிக் பழைய வால்விலிருந்து கழற்றி எறிந்த அந்தப் பித்தளை மூடியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"நல்ல பித்தளை யக்கா, வீணாக்குவானேன்" என்றார் சமையல்காரர்.

அது வெறும் தண்ணீர்க் குழாய். அங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனாலும் கை கழுவுமுன் தினமும் ஒருமுறை திரும்பி, கெட்டிலின் வால்வைப் பார்த்துக்கொள்கிறேன். கேஸ் குழாயின் மஞ்சள் கைப்பிடி இப்போதும் சாயங்காலம் என் பையில்தான் வீட்டுக்கு வருகிறது.